கத்திச் சொன்ன பொய்

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஒரு பொய் சொன்னேன்.

பொய் எனக்குப் புதிதில்லை. வாரா வாரம் எழுதுகிறவன் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. ஆனால் இந்தப் பொய்யைக் கத்திச் சொல்ல வேண்டி வந்தது. அதுவும் இரண்டு தடவை! எதிர்வீட்டு அம்மாள் முறத்தோடு வாசலுக்கு வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போனார்.

ஏன் கத்தினேன்? வந்தவருக்குக் காது கேட்காது.

காலை பத்து மணி இருக்கும். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. வயது முப்பத்தைந்து சொல்லலாம். "பத்திரிகையில எழுதறவர் வூடு இதானா?" என்று வேலூர் முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரித்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"எம்பேரு தணிகாசலம் சார். குடியாத்தம். பவர்லூம் ஓட்டறேன். கத்திப் பேசறேன்னு தப்பா நெனைக்காதீங்க. எங்கொரலு எனக்கே கேக்கமாட்டேங்குது."

தறிச் சத்தம் செய்த வேலை. பெரிய ஆஸ்பத்திரியில் காதைக் காட்டிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்திருக்கிறார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து கிட்டே போய், இடது காதுக்குப் பக்கத்தில் உரக்கக் கேட்டேன்.

"வலது காது போயே போச்சு சார். இதுல கொஞ்சம் இருக்குது. தறிய வுட்டாலும் இது நிக்காதாம், கம்மியாயிட்டேதான் போவுமாம். சரி, இருக்கறதுக்குள்ள எது கேக்கணுமோ அத கேட்டுடலாம்னு யோசிச்சேன். எனக்குக் கேக்கவேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அதான் உங்கள பாக்க வந்தேன்."

பையிலிருந்து ஒரு கைலித் துண்டை எடுத்தார். அதற்குள் ஒரு பாட்டுப் புத்தகம். சினிமாக் கொட்டகை வாசலில் விற்பார்களே, சாணித்தாளில் அச்சடித்தது, அந்த மாதிரி. அட்டை போய்விட்டது. ஓரம் எல்லாம் எண்ணெய் ஏறிப் பழுப்பாகிவிட்டது. ஆனாலும் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் படத்தைப் பற்றி இதே பக்கத்தில் மூன்று தடவை எழுதியிருக்கிறேன். பதினெட்டு தடவை பார்த்தவன் என்று பீற்றிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு அதன் பெயரை எழுதப்போவதில்லை... எழுதினால் உங்களில் பாதிப் பேர் பாட ஆரம்பித்துவிடுவீர்கள். அதற்கான வாரம் இல்லை இது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யுத்த காலத்தில் வந்த படம். இருபத்திரண்டு பாட்டு! வசனம் பேசும்போது ஜனங்கள் வெளியே போய் பீடி பிடிப்பார்கள், பாட்டு வந்தால் உள்ளே ஓடிவருவார்கள். வந்து இருபது வருஷம் ஆகியும் அதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. மளிகைக் கடையில், ரயிலில், சலூனில்... ஒருவன் ஒரு வரியை முணுமுணுத்தால் இன்னொருவன் அடுத்த வரியை எடுப்பான். அவர்கள் இருவரும் அன்றைக்கே சிநேகிதர்கள்.

அதில் பதினோராவது பாட்டு, ஓடத்துறைப் பாட்டு. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட கதாநாயகி ஆற்றங்கரையில் ஓடத்துக்காகக் காத்திருப்பாள். ஓடம் வராது. அவ்வளவுதான் காட்சி. இடி இல்லை, மழை இல்லை. வெறும் மணலைத் தவிரப் பாலாற்றில் எதையும் பார்த்திராத எங்கள் ஊர் ஜனங்கள் அந்தத் தண்ணீரைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

"எல்லாப் பாட்டும் எனக்குப் பாடம் சார்" என்றார் தணிகாசலம். "தறியில நின்னா மொதல் பாட்டுலேர்ந்து ஆரம்பிப்பேன். உள்ளுக்குள்ளயேதான்... அந்த சத்தத்துல வாய்தொறந்து பாடினா மட்டும் யாருக்குக் கேக்கப்போவுது? வரிசையா போயிட்டே இருப்பேன். பதினொண்ணாவது வந்தா மட்டும் சும்மா நிப்பேன்."

"ஏன்?"

"மெட்டு மறந்துபோச்சு சார். பதினஞ்சு வயசுல ஒரே ஒரு தடவ கேட்டது. எங்கக்கா கூட்டிட்டுப் போனா. வரி புஸ்தகத்துல இருக்குது, மெட்டு இல்ல. அந்தப் பாட்டு எவ்ளோ நேரம் வரும்னு ஞாபகம் இருக்குது... அவ்ளோ நேரம் சும்மா நின்னுட்டு, அப்புறம் பன்னண்டாவது பாட்டுக்குப் போவேன்."

இசைத்தட்டு கிடைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பாட்டு மட்டும் தட்டில் வரவே இல்லை. யுத்தம், தட்டுப்பாடு, என்னவோ காரணம். சரி, படம்தான் திரும்பத் திரும்ப வந்ததே? வந்தது. ஆனால் நீளம் ஜாஸ்தி என்று இரண்டாவது சுற்றிலேயே அந்தப் பாட்டை வெட்டிவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தணிகாசலம் ஆறு வருஷமாகத் தேடிக் கண்டுபிடித்துவைத்திருக்கிறார். படமெடுத்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்களாம். நெகடிவ் எங்கே என்று யாருக்கும் தெரியாதாம். வெட்டாத பிரதி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்ததாம்.

அது நம்ம பக்கத்து டூரிங் டாக்கீஸ்களில் சுற்றிக்கொண்டிருந்த பிரதி.

"கலவைங்கற ஊர்ல அந்த டூரிங் டாக்கீஸ்காரரைப் போன மாசம் புடிச்சேன் சார். பிலிம் தேஞ்சுபோச்சு, கழிவுல போட்டுட்டேன்னாரு. யாருக்கு போட்டீங்கன்னு கேட்டேன். ஆம்பூர்ல ஏதோ தோல் டேனரிக்குப் போச்சுன்னாரு. உங்க பத்திய வாரம் தவறாம படிக்கறேன் சார். நீங்க மின்ன ஆம்பூர் டேனரில குமாஸ்தாவா இருந்தீங்கன்னு எழுதியிருந்தீங்க. அந்தப் படத்து மேல உங்களுக்கு எவ்ளோ உசுருன்னும் எழுதியிருந்தீங்க. அதான்... எந்த டேனரின்னு உங்களுக்குத் தெரியுமா சார்? எங்கனா ஒரு மூலைல கெடக்குமில்ல?"

"தெரியாது" என்றேன்.

"சார்?"

"தெரியாதுங்க!" என்று கத்தினேன்.

அவர் தலையை ஆட்டினார். காதைக் கையால் குவித்துக்கொண்டு, "தேடிப் பாக்க முடியுமா சார்?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது!"

அப்போதுதான் எதிர்வீட்டு அம்மாள் வந்தது. தணிகாசலம் காபியைக் குடித்துவிட்டு, புத்தகத்தைப் பத்திரமாகச் சுற்றி வைத்துக்கொண்டு, தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார். மன்னிப்பு! என்னிடம்!

இனி உண்மை.

தோலுக்குப் பளபளப்பு எப்படி வருகிறது தெரியுமா? பதப்படுத்தி, சாயம் ஏற்றிக் காயவைத்தபின் மேலே ஒரு வார்னிஷ் பூசவேண்டும். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அந்த வார்னிஷைப் பழைய சினிமாப் பிலிமில்தான் செய்தார்கள். தேய்ந்துபோன பிலிம் மூட்டை மூட்டையாக வரும். டப்பாவைத் தனியாக விற்றுவிடுவார்கள், அதனால் எது எந்தப் படம் என்று சீட்டு இருக்காது. அதைச் சுடுதண்ணீரில் சோடாக் காரம் போட்டு ஊறவைத்துத் தேய்த்தால் படம் எல்லாம் கறுப்புக் குழம்பாக உரிந்து வாய்க்காலில் போய்விடும். மிஞ்சுகிறது கண்ணாடி மாதிரி வெறும் நாடா. அதை வெட்டித் திராவகத்தில் போட்டால் கரைந்து வார்னிஷ். ஷெட் பூராவும் பழுத்த வாழைப்பழ வாசனை அடிக்கும். வாசனை நன்றாகத்தான் இருக்கும். அது நெஞ்சை என்ன செய்கிறது என்பது பிறகுதான் தெரியும்.

நான் ஸ்டோர் குமாஸ்தா. என் கையெழுத்து இல்லாமல் ஒரு முழம் பிலிம் வெளியே போகாது. வார்னிஷ் கரைக்கிறவர் காதர் பாய். என் வயதுதான். அந்தப் பதினெட்டு தடவையில் பன்னிரண்டு தடவை அவரோடுதான் பார்த்தேன். டெண்டுக் கொட்டகைக்குள் மணலைக் குவித்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு.

காதர் பாய்க்கு ஒரு பழக்கம். ஊறப்போடுவதற்கு முன் ஒவ்வொரு சுருளிலும் ஒரு முழம் இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "தோஸ்த், இன்னிக்கு யாரு வந்துகீறாங்க பாரு!" என்று என்னைக் கூப்பிடுவார். ஏதோ ஒரு ராஜா, ஏதோ ஒரு ராட்சசன். பார்த்துச் சிரித்துவிட்டுத் தொட்டியில் போடுவார். ஒருவிதமான வழியனுப்புதல்.

அன்றைக்கு அவர் கூப்பிடவில்லை. என் மேஜைக்கே நடந்து வந்தார். கையில் பிலிம்.

"இது நம்ம படம்" என்றார்.

ஜன்னலுக்குப் போய்ப் பிடித்துப் பார்த்தேன். ஆற்றங்கரை. அவள். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முகம், வரிசையாக, கீழே கீழே கீழே... ஓடம் வராத அதே கரை.

"இத மட்டும் வுட்டுடலாம் தோஸ்த். மேல பரண்ல போட்டு வெச்சுடலாம். வேற மூட்ட வந்ததும் கரச்சுக்கலாம்."

வியாழக்கிழமை சாயங்காலம் அது. மறுநாள் வெள்ளி, ஜும்மாவுக்காகத் தொழிற்சாலைக்கு லீவு. சனிக்கிழமை காலையில் பம்பாய்க்கு லாரி. சரக்கு பாதி பூசி, பாதி பூசாமல் கிடந்தது. வேறு மூட்டை இல்லை. முதலாளி காலையிலிருந்து மூன்று தடவை ஸ்டோருக்கு வந்து போய்விட்டார்.

இதையெல்லாம் நான் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காகச் சொன்னது அன்றைக்கு, பாயிடம். இன்னொன்றும் சொன்னேன்.

"விடு பாய். இது ஒண்ணா? ஊர் ஊருக்கு இந்தப் படம் ஓடுது. எத்தனை காப்பி இருக்கும்! மெட்ராஸ்ல கம்பெனிக்காரன் வெச்சிருக்கமாட்டானா?"

நம்பித்தான் சொன்னேன். பதினெட்டு தடவை பார்த்தவனாயிற்றே, எனக்குத் தெரியாதா? எங்கே போட்டாலும் அந்தப் பாட்டு இருந்ததே! ஆர்க்காட்டில் பார்த்தேன், இருந்தது. கலவையில் பார்த்தேன், இருந்தது. பேரணாம்பட்டில் பார்த்தேன், அங்கேயும் இருந்தது. நான் பார்த்தது பதினெட்டு தடவையும் அதே ஒரே பிரதியை என்பது என் மண்டைக்கு எட்டவே இல்லை. டெண்டுக்கு டெண்டு அது வண்டியில் போயிற்று, நான் பின்னாலேயே போனேன்... அவ்வளவுதான் நடந்தது. வேறு ஜில்லாவில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரே படத்தைப் பதினெட்டு தடவை பார்த்தவனைவிட இரண்டு ஜில்லாவில் இரண்டு தடவை பார்த்தவன் விவரமானவன்.

பிலிமைக் கரைக்க விடும் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். காதர் பாய் சீட்டை எடுத்துக்கொண்டு போனார். மற்ற நாளில் ஊறப்போடுவதற்கு இரண்டு ஆட்களை வைத்துக்கொள்வார். அன்றைக்கு அவர்களை அனுப்பிவிட்டுத் தானே தேய்த்தார்.

சனிக்கிழமை சரக்கு லாரி ஏறியது. பம்பாயில் யாரோ எதையோ அந்தத் தோலில் தைத்து மாட்டிக்கொண்டு திரிந்திருப்பார்கள். நன்றாகப் பளபளத்திருக்கும்.

அதற்குப் பிறகும் நான் அந்தப் படத்தைப் பற்றி எழுதினேன் பாருங்கள். மூன்று தடவை! "ரசிகன்" என்று என்னை நானே சொல்லிக்கொண்டேன். காதர் பாயோ அதற்கப்புறம் அந்தப் படத்துப் பாட்டு எதையும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

தணிகாசலத்திடம் ஏன் பொய் சொன்னேன்? பயமா? யாருக்குப் பயப்படவேண்டும், கழிவுப் பிலிமைக் கரைப்பது குற்றமா என்ன? வெட்கம்தான். ஒரு மனிதன் ஆறு வருஷம் அலைந்து, எல்லாக் கதவையும் தட்டிவிட்டு, கடைசியாக இவன் நம்ம ஆள் என்று நம்பி என் வீட்டுக்கு வருகிறான். அவனிடம், "நான்தான்" என்று எப்படிச் சொல்வது? அதையும் கத்திச் சொல்லவேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்குப் போனேன். காதர் பாய் இப்போது வேலைக்குப் போவதில்லை. பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. வாழைப்பழ வாசனையின் கைங்கரியம். மகன் வீட்டில், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் வந்து போனதைச் சொன்னேன்.

"நீ இன்னா சொன்ன?"

"தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

இருமினாரா, சிரித்தாரா தெரியவில்லை. "நீ எப்பவும் இப்டித்தான் தோஸ்த். பேஜாருன்னா ஒரு வார்த்தைல முடிச்சுடுவ."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன். "ஒரு துண்டாவது எடுத்து வெச்சியா பாய்?"

"இல்ல. அன்னிக்கு உம்மேல கோவம். கரைக்கணும்னா முழுசா கரச்சுடறதுன்னு கரச்சுட்டேன்." கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். "ஆனா மெட்டு ஞாபகம் இருக்கு. மொதல் ரெண்டு வரி. அதுக்கு மேல போனா வேற ஏதோ படத்துப் பாட்டுல போய் முட்டுது. ரெண்டு வரி கெட்டியா இருக்கு. எப்ப போலாம் குடியாத்தத்துக்கு?"

"உன்னால பஸ்ஸுல..."

"எப்ப போலாம்னு கேட்டேன்."

அமாவாசையன்று போனோம். குடியாத்தத்தில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மற்ற நாளில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்கிறவனோடு பேசமுடியாது. அன்றைக்கு ஒரு குழந்தை அழுவது தெருமுனைவரை கேட்டது. காதர் பாய் தெருமுனையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தார்.

தணிகாசலத்துக்கு எங்களைப் பார்த்ததும் முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்! சம்சாரத்தைக் கூப்பிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். கோரைப்பாயை விரித்துப் போட்டார். நான் அவருடைய இடது காதில் சொன்னேன். "இவர் என் சிநேகிதர்! படத்தை நிறைய தடவ பாத்தவர்! பாட்டு கொஞ்சம் ஞாபகம் இருக்காம்!"

வேறு எதையும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றுதான் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

காதர் பாய் அவருக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். தணிகாசலம் புத்தகத்தைப் பிரித்துப் பதினோராவது பாட்டில் விரலை வைத்துக்கொண்டு, காதைக் காட்டினார். இந்த வயதில் இரண்டு ஆண்கள், ஒருவர் காதருகே ஒருவர் வாயை வைத்துக்கொண்டு... வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பாய் பாடினார். குரலா அது? காற்றுதான் பாதி. மூச்சு இடையில் அறுந்தது. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எடுத்தார். தணிகாசலத்தின் நெற்றி சுருங்கியது. கேட்கவில்லை. பாய் இன்னும் கொஞ்சம் உரக்க எடுத்தார். மூன்றாம் தடவை. நான்காம் தடவை. எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது. போதும் பாய் என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, தணிகாசலத்தின் விரல் வரியின்மேல் நகர ஆரம்பித்தது. மெட்டோடு கூடவே போயிற்று. முதல் வரி. இரண்டாவது வரி. வாய் தன்னால் அசைந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "இதான் சார்... இதான்... எங்கக்கா இத கேட்டுத்தான் அழுதா" என்றார். எதிரில் இருக்கிறவரிடம் பேசுகிற குரலில் சொன்னார். அன்றைக்கு அவர் கத்தாமல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

பாய் நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்தார். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

தணிகாசலத்தின் விரல் மூன்றாவது வரிக்கு வந்து நின்றது. காதை இன்னும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து, குழந்தை மாதிரி ஆசையோடு கேட்டார்.

"அப்புறம்?"

காதர் பாய் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அன்றைக்கும் என் வாயிலிருந்து வரவில்லை. மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறதாகச் சொன்னீர்கள், தணிகாசலம். படிப்பதற்குக் காது வேண்டாம். கத்த முடியாததால் எழுதுகிறேன்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். சீட்டில் இருப்பது என் கையெழுத்து.